யாரும் தொடாத நிரலுக்கு வாரம் ஒரு டெஸ்ட்

தமிழுக்காகக் கட்டற்ற மென்பொருள் எழுதிவரும் நண்பர்களுக்கு,

எழுத்துப் பிரிப்பான், சந்திப் பிழை திருத்தி, டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவி, எண்ணை எழுத்தால் எழுதும் நிரல், அகராதித் தேடல் என்று ஆளுக்கொரு நிரல்தொகுப்பை வளர்த்து வருகிறீர்கள். பெரும்பாலும் வேலைக்குப் போய்வந்த பிறகு, இரவில், சம்பளமில்லாமல். அதைப் பாராட்ட இந்த மடலை எழுதவில்லை. உங்களிடம் ஒரு வேலை சொல்ல எழுதுகிறேன். நிரலைத் தொட்டாலும் தொடாவிட்டாலும், உங்கள் யூனிட் டெஸ்ட்டுகள் வாரம் ஒருமுறை க்ளவுடில் தானாக ஓடும்படி செய்து வையுங்கள்.

“எங்களிடம்தான் சிஐ இருக்கிறதே” என்பீர்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. புஷ் செய்தால் ஓடும், யாராவது புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் ஓடும். நான் பேசுவது புஷ் நடக்காத நாட்களைப் பற்றி. பெரிய நிறுவனங்களின் நிரலில் நாள் முழுக்க யாராவது கை வைத்துக்கொண்டே இருப்பார்கள். வெளியிலிருந்து எது வந்து உடைத்தாலும் அடுத்த புஷ்ஷிலேயே தெரிந்துவிடும். நம்முடையவை அப்படியா? பொங்கல் விடுமுறையில் நாலைந்து கமிட், பிறகு யாராவது பிழை சொன்னால் ஒன்று. கடைசிப் பச்சை டிக் போன ஆவணியில் விழுந்தது என்றால் அது போன ஆவணியின் நிலவரம் மட்டும்தான். அதை இன்றைக்கும் ரீட்மீ கோப்பின் தலையில் பேட்ஜாக மாட்டி வைத்திருக்கிறோம். கால அட்டவணை போட்டு டெஸ்ட் ஓட்டுவது பெரிய திட்டங்களின் ஆடம்பரம் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. என்னைக் கேட்டால், சின்னத் திட்டங்களுக்குத்தான் அது அதிகம் தேவை.

தொடாத நிரல் எப்படி உடையும் என்று கேட்பவர்களுக்கு 2023 அக்டோபர் 2ஐ நினைவுபடுத்துகிறேன். அன்றுதான் பைத்தான் 3.12 வெளிவந்தது. பழைய செட்டப் கோப்புகளில் முதல் வரியிலேயே இருக்கும் டிஸ்ட்யூட்டில்ஸ் அந்தப் பதிப்பிலிருந்து நீக்கப்பட்டது. கூடவே யூனிட்டெஸ்ட்டில் இருந்த பழைய பெயர்கள் சிலவும் போயின. அவற்றில் ஒன்று அசெர்ட்ஈக்வல்ஸ். கடைசியில் ‘ஸ்’ இல்லாத அசெர்ட்ஈக்வல்தான் சரியான பெயர் என்று பைத்தான் பத்தாண்டுக்கும் மேலாக எச்சரித்துக்கொண்டிருந்தது. அந்த எச்சரிக்கை எங்கே வந்தது? டெஸ்ட் ஓடும்போது. டெஸ்ட்டே ஓடாத ரெப்போவில் அதை யார் பார்த்திருப்பார்கள்? ஆக, ஒரு நாள் காலையில் நம் நிரலும் நிறுவ முடியாமல் போனது, அதைச் சோதிக்க வைத்திருந்த டெஸ்ட்டும் ஓடாமல் போனது. நாம் ஒரு வரிகூட மாற்றவில்லை. மடிக்கணினியைப் புதிதாக வாங்கி பிப் இன்ஸ்டால் அடித்துப் பார்த்த ஏதோ ஒரு கல்லூரி மாணவிக்குச் சிவப்பு எழுத்துகள் கொட்டியிருக்கும். அவள் நமக்கு எழுதப் போவதில்லை. “தமிழ் நிரல்தொகுப்பெல்லாம் இப்படித்தான்” என்று முடிவு கட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள்.

பைத்தான் 3.9 முதல் ஆண்டுக்கொரு பதிப்பு, அதுவும் அக்டோபரில் என்று ஒழுங்காகிவிட்டது. அடுத்த இடி எந்த மாதம் விழும் என்று முன்கூட்டியே தெரிகிறது. தெரிந்தும் கவனிக்காமல் இருப்பதற்கு என்ன சாக்கு சொல்வது?

தமிழுக்கே உரிய ஓர் உதாரணம் சொல்கிறேன், இது எனக்குப் பிடித்தது. யூனிகோடில் எந்தெந்த எழுத்துகள் தமிழ் என்று கண்டுபிடிக்க, பெயர் ‘தமிழ்’ என்று தொடங்குகிறதா என்று பார்க்கும் ஒரு செயற்கூறு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு டெஸ்ட்: எல்லாக் குறியீடுகளையும் அலசினால் 72 கிடைக்க வேண்டும். பைத்தான் 3.7 வரை இந்த டெஸ்ட் பச்சை. 3.8இல் சிவப்பு, 123 என்று விடை வரும். 2019 மார்ச்சில் வந்த யூனிகோடு 12.0, தமிழ்ப் பின்னங்களுக்கும் பழைய அளவைக் குறிகளுக்கும் தனியாக ஒரு தொகுதி கொடுத்தது. மொத்தம் 51 குறிகள். 1/320ஐக் குறிக்கும் முந்திரிதான் அதில் முதலாவது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த பைத்தான் 3.8, இந்தப் புதிய பட்டியலோடு வந்தது. இங்கே நிரலில் பிழை என்று எதுவும் இல்லை. நம் கணக்கு பழசாகிவிட்டது, அவ்வளவுதான். புதிய 51 குறிகளும் அடிப்படைப் பன்மொழித் தளத்துக்கு வெளியே இருப்பவை. எழுத்துப் பிரிப்பானிலோ தேடலிலோ ஒரு குறிக்கு 16 பிட் போதும் என்று எங்காவது நம்பியிருந்தால் அதுவும் சேர்ந்தே அடிபடும். இந்தச் செய்தி நமக்கு 2019 அக்டோபரிலேயே தெரிந்திருக்க வேண்டும். முந்திரியை வைத்துக் கணக்குப் பார்க்கும் ஓர் ஆவணக்காப்பக ஆய்வாளர் வந்து சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அடியில் இருக்கும் இயந்திரமும் அசையாமல் இருப்பதில்லை. கிட்ஹப்பில் ‘உபுண்டு-லேட்டஸ்ட்’ என்று எழுதி வைத்தவர்களுக்கு 2024 டிசம்பருக்கும் 2025 ஜனவரிக்கும் இடையில் 22.04 போய் 24.04 வந்தது. கூடவே இருந்த பைத்தான் 3.10இலிருந்து 3.12 ஆனது.

சரி, எப்படிச் செய்வது? கிட்ஹப் ஆக்‌ஷன்ஸையே எடுத்துக்கொள்கிறேன், நம்மில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறோம். பொது ரெப்போக்களுக்கு வழக்கமான ரன்னர்கள் இலவசம். ஏற்கெனவே இருக்கும் யாமல் கோப்பில் புஷ் என்று இருக்கும் இடத்துக்குக் கீழே ஷெட்யூல் என்று ஒன்றைச் சேர்த்து, அதற்குள் கிரான் வரி ஒன்று எழுத வேண்டும். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து இடங்கள். எனது பரிந்துரை இது: 47 22 * * 0.

இந்த எண்கள் எப்படி வந்தன என்று சொல்கிறேன். நேர மண்டலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் கிட்ஹப் அதை யூடிசியாக எடுத்துக்கொள்ளும். ஞாயிறு இரவு 22:47 யூடிசி என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் திங்கள் விடிகாலை 4:17. திங்கள் என்று நினைத்துக் கிழமை இடத்தில் 1 போட்டால் டெஸ்ட் செவ்வாய் விடிகாலைதான் ஓடும். ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்கும்போது கிழமையும் சேர்ந்து பின்னால் போகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நிமிடம் ஏன் 47? உலகமே 0 என்று எழுதுகிறது. ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் நெரிசல், தாமதம். சுமை மிகுந்தால் வரிசையில் நிற்கும் சில ஓட்டங்கள் கைவிடப்படவும் கூடும் என்று கிட்ஹப்பின் ஆவணமே சொல்கிறது. ஜென்கின்ஸில் இதற்காகவே எண்ணுக்குப் பதில் ‘எச்’ என்று எழுதலாம், அதுவே ஏதோ ஒரு நிமிடத்தைத் தேர்ந்துகொள்ளும். நாம் கையால் ஒரு அசட்டு நிமிடத்தைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

22 மணியைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. 18:30 யூடிசி முதல் நள்ளிரவு வரை நம் ஊரில் ஏற்கெனவே அடுத்த நாள். இன்றைய தேதியைத் தமிழில் எழுதித்தரும் நிரலில் ஓரிடத்தில் இயந்திரத்தின் தேதியும் இன்னோரிடத்தில் இந்திய நேரமும் கலந்திருந்தால், க்ளவுடில் இந்த ஐந்தரை மணி நேரத்தில்தான் அது பல்லிளிக்கும். உங்கள் மடிக்கணினியில் ஒருபோதும் தெரியாது, ஏனென்றால் அங்கே இரண்டும் ஒன்றே. இலங்கைத் தேதிகளைக் கையாள்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: 1996இல் கொழும்பு கடிகாரத்தை இரண்டு முறை மாற்றி, 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரை மணிக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டுகளின் நேரங்களுக்கு டெஸ்ட் எழுதியிருக்கிறீர்களா?

வாரம் ஒருமுறை போதும் என்றேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டவும் கிட்ஹப் அனுமதிக்கிறது, ஆனால் மாறாத நிரலை அப்படி ஓட்டுவது அடுத்தவர் மின்சாரத்தைக் கொளுத்துவது. விதிவிலக்கு, நாள்காட்டி சார்ந்த நிரல்கள். 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் க்ளவுடே முடங்கியது. ஓராண்டுக்கான சான்றிதழ் தயாரிக்கும் நிரல் ஆண்டு எண்ணோடு ஒன்றைக் கூட்டியது, 2013 பிப்ரவரி 29 என்ற இல்லாத தேதி வந்தது. பைத்தானில் இன்றைய தேதியின் ஆண்டை மட்டும் மாற்றி எழுதும் வரி எங்காவது இருந்தால் அதே பள்ளம் உங்களுக்கும் காத்திருக்கிறது. அடுத்த பிப்ரவரி 29, 2028இல், செவ்வாய்க்கிழமை. நான் சொன்ன வாராந்தர ஓட்டம் அதைத் தாண்டிப் போய்விடும். ஆகவே தேதி நிரல் எழுதுபவர்கள் தினமும் ஓட்டுங்கள். அதைவிட மேல், லிப்ஃபேக்டைம் கொண்டு கடிகாரத்தை முன்னே தள்ளி ஓட்டுவது. நாளைய சிவப்பு இன்றைக்கே கண்ணில் பட்டுவிடும்.

அட்டவணையில் ஓடும் டெஸ்ட்டும் புஷ்ஷில் ஓடும் டெஸ்ட்டும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. புஷ்ஷின்போது உங்களுக்குத் தெரிய வேண்டியது, நான் இப்போது எழுதியது சரியா என்பது. அதற்குச் சார்புத் தொகுப்புகளின் பதிப்பெண்களைப் பூட்டி வைப்பது நல்லது. வாராந்தர ஓட்டத்தில் கேள்வி வேறு: வெளியே ஏதாவது மாறிவிட்டதா? அங்கே பூட்டைக் கழற்றுங்கள். பைத்தான் பதிப்பை ‘3.எக்ஸ்’ என்று விட்டுவிடுங்கள், இருப்பதில் புதியதை எடுத்துக்கொள்ளும். (பதிப்பெண்ணை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். குறியில்லாமல் 3.10 என்று எழுதினால் யாமல் அதைத் தசம எண்ணாகப் படித்து 3.1 ஆக்கிவிடும். இந்த ஒரு புள்ளியில் இடறி விழாதவர் குறைவு.) கேஷில் நிறுவி வைத்த சூழலை எடுத்துப் பயன்படுத்தாதீர்கள், பழைய தொகுப்புகளையே மறுபடி சோதித்துவிட்டுப் பச்சை காட்டும். முன்வெளியீடுகளோடும் ஒரு ஓட்டம் வைக்க முடிந்தால் அக்டோபர் இடியை ஜூலையிலேயே கேட்கலாம். அது தோற்றால் மொத்தமும் சிவப்பாகாதபடி விட்டுவிடுங்கள், அது முன்னெச்சரிக்கை மட்டும்தான்.

இனி சொல்லப்போவதுதான் என்னைக் கோபப்படுத்தும் விஷயம். பொது ரெப்போவில் 60 நாட்கள் எந்த நடவடிக்கையும் இல்லை என்றால் கிட்ஹப் அந்த அட்டவணையைத் தானாக அணைத்துவிடும். வீணாக ஓடும் லட்சக்கணக்கான அட்டவணைகளை வேறு எப்படித்தான் குறைப்பார்கள், அவர்கள் தரப்பு புரிகிறது. ஆனால் விளைவைப் பாருங்கள்: யாரும் தொடாத நிரலைக் காவல் காக்கத்தான் இந்த ஏற்பாடு, யாரும் தொடவில்லை என்பதாலேயே காவல் நின்றுபோகிறது. அஸூர் பைப்லைன்ஸில் இன்னும் வேடிக்கை. கடைசி வெற்றிகரமான ஓட்டத்துக்குப் பிறகு நிரல் மாறவில்லை என்றால் அட்டவணைப்படி ஓடவே ஓடாது, அதுதான் இயல்பு அமைப்பு. ‘ஆல்வேஸ்’ என்ற வரியைச் சேர்த்து ‘ட்ரூ’ என்று எழுதினால்தான் ஓடும். இரண்டு இடங்களிலும் வடிவமைத்தவர்களின் மனதில் இருப்பது ஒரே எண்ணம்: நிரல் மாறாவிட்டால் முடிவும் மாறாது. அது எவ்வளவு தப்பு என்பதற்குத்தான் மேலே இத்தனை உதாரணம் சொன்னேன்.

இதற்கு மாற்று வழி என்று சிலர் மாதாமாதம் ஒரு வெற்று கமிட்டைத் தானாகப் போட வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரெப்போ உயிரோடு இருப்பதுபோல் நடிக்க வைத்து, வரலாற்றைக் குப்பையால் நிரப்புகிறது. அதைவிட, ஷெட்யூல் வரியே இல்லாமல் வொர்க்ஃப்ளோ டிஸ்பேட்ச் மட்டும் வைத்த ஒரு கோப்பை எழுதுங்கள். வெளியிலிருந்து யாராவது தட்டினால் மட்டும் ஓடும் வகை அது, 60 நாள் கணக்கு அதற்குக் கிடையாது. தட்டும் வேலையை கூகுளின் க்ளவுட் ஷெட்யூலரிடம் கொடுக்கலாம். அதில் ஏசியா/கொல்கத்தா என்று நேர மண்டலத்தையே குறிக்கலாம், யூடிசி கழித்தல் தொல்லை இல்லை. ஏதோ ஒரு நண்பரின் சர்வரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிரானும் போதும். ஒரே ஒரு டோக்கன் தேவைப்படும். அந்த ஒரு ரெப்போவுக்கு, ஆக்‌ஷன்ஸ் அனுமதி மட்டும் கொடுத்து உருவாக்குங்கள். டோக்கன் காலாவதியாகும் நாளை நாட்காட்டியில் குறித்து வைக்காவிட்டால் இந்தக் காவலும் ஒரு நாள் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

இவ்வளவும் செய்து, சிவப்பு விழுந்தால் யாருக்குத் தெரியும்? கிட்ஹப்பில் கிரான் வரியைக் கடைசியாகத் திருத்தியவருக்குத்தான் மின்னஞ்சல் போகிறது. நம் திட்டங்களில் அந்த வரியை எழுதியவர் யார்? பெரும்பாலும் இன்டர்ன்ஷிப்புக்கு வந்து மூன்று மாதம் உற்சாகமாக வேலை பார்த்த ஒரு தம்பி. இப்போது அவர் எங்கோ வேலையில் இருக்கிறார், நம் எச்சரிக்கைகள் அவர் இன்பாக்ஸில் விளம்பரங்களோடு கிடக்கின்றன. அவரை ஆர்கனைசேஷனிலிருந்து நீக்கினீர்களானால் அட்டவணையே அணைந்துவிடும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

டெலிகிராம் குழுவுக்கு அனுப்பலாமே என்று சிலர் சொல்வார்கள். காலை வணக்கப் படங்களுக்கும் கூட்ட அழைப்புகளுக்கும் நடுவில் அது அரை மணி நேரம்கூடத் தாங்காது. தோற்றால் ரெப்போவிலேயே ஒரு இஷ்யூ தானாகத் திறக்கும்படி செய்யுங்கள். ஏற்கெனவே ஒன்று திறந்திருந்தால் அதிலேயே குறிப்பு சேரட்டும், வாரம் ஒன்றாக இஷ்யூ குவிந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். இஷ்யூவுக்கு ஒரு நன்மை உண்டு: யாராவது மூடும்வரை திறந்தே இருக்கும், புதிதாக வரும் ஆளுக்கும் கண்ணில் படும்.

சில சிவப்புகள் பொய்யாக இருக்கும் என்பது உண்மை. கூகுள் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி அவர்களுடைய மொத்த டெஸ்ட் ஓட்டங்களில் சுமார் 1.5 சதவீதம் அப்படி நிலையில்லாதவை, நிரல் மாறாமலே ஒருமுறை தோற்று மறுமுறை ஜெயிப்பவை. அவர்கள் அளவுக்கு அது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஒரு எழுத்துப் பிரிப்பானுக்கு அந்தச் சாக்கு செல்லாது. ‘கொ’வை இரண்டு குறியாக எழுதினாலும் மூன்று குறியாக எழுதினாலும் ஒரே எழுத்தாகப் பிரிகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டில் தற்செயலுக்கு என்ன வேலை? அது விட்டுவிட்டுத் தோற்றால் எங்கோ இணையத்தைத் தொடுகிறது, அல்லது கடிகாரத்தைத் தொடுகிறது. இணையத்தைத் தொடுவதை யூனிட் டெஸ்ட்டிலிருந்து வெளியே எடுங்கள். விக்சனரியின் சர்வரைத் தட்டிப் பார்க்கும் சோதனைக்குத் தனி அட்டவணை வைத்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஆளில்லாத நேரத்தில் ஓடும் நிரல் இது. 2025 மார்ச்சில் பல்லாயிரம் ரெப்போக்கள் பயன்படுத்திய, மாறிய கோப்புகளைக் கண்டறியும் ஒரு பிரபல ஆக்‌ஷனுக்குள் விஷமிகள் புகுந்து, ரகசியச் சாவிகளைப் பதிவேட்டில் கொட்ட வைத்தார்கள். பதிப்புப் பெயரை நம்பியவர்கள் மாட்டினார்கள். அடுத்தவர் ஆக்‌ஷனைக் கமிட் எண்ணோடு சேர்த்துப் பூட்டியிருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். சார்புத் தொகுப்புகளின் பூட்டைக் கழற்றச் சொன்ன நானே இங்கே பூட்டச் சொல்கிறேன். டெஸ்ட் செய்யப்படுவது திறந்திருக்கட்டும், டெஸ்ட் செய்வது பூட்டியிருக்கட்டும். டெஸ்ட் ஓட்டத்துக்கு ரெப்போவைப் படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். இஷ்யூ எழுதும் அனுமதியைத் தனி ஜாபுக்குக் கொடுத்தால் போதும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. ஒவ்வொரு தொகுப்பும் தனித்தனியாகக் காவல் வைப்பதைவிட, மூன்று நான்கு தொகுப்புகள் சேர்ந்து முறை வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருவர் என்று பெயர் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் திங்கள் காலை காபியோடு அந்த ரெப்போக்களின் பக்கத்தைத் திறந்து பார்ப்பது அவர் பொறுப்பு. திருத்த வேண்டியதில்லை, சொன்னால் போதும். ஓட்டம் நடந்த தேதியையும் அவர் பார்க்கட்டும். பச்சையாக இருக்கிறதே என்று நிம்மதியாகத் திரும்புவதற்கு முன், அது இந்த வாரத்துப் பச்சைதானா என்று பார்க்க வேண்டும். ஓடாமல் போன டெஸ்ட்டுக்கு நிறம் கிடையாது.

முதல்முறை ஓட்டும்போது சிவப்புதான் வரும், அநேகமாக நிறையவே வரும். அதை ஒரே இரவில் தீர்க்க உட்காராதீர்கள். தோற்கிற டெஸ்ட்டுகளுக்கு ஒவ்வொன்றாக இஷ்யூ எழுதி, ‘புதியவர்களுக்கு ஏற்றது’ என்று குறி போட்டு வையுங்கள். கல்லூரிகளில் பட்டறை நடத்தும்போது மாணவர்கள் “எதிலிருந்து தொடங்குவது” என்று கேட்பார்கள், அப்போது கையில் கொடுக்க ஒரு பட்டியல் இருக்கும்.

அன்புடன்,
டெஸ்ட் எழுதிப் பிழைக்கும் உங்கள் நண்பன்